பென்சில் அசைந்த பக்கம்

1982 ஜூலை 6, செவ்வாய்

நேற்று மாலை வகுப்பில் ஒரு சிறு பிழை விட்டேன். பாடக் கசெட்டின் முதற்பக்கத்தைப் போடுவதற்குப் பதிலாக இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டேன். பாடம் கொம்பியூட்டருக்குள் ஏறி முடிவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். அவ்வளவு நேரம் ஆட்களைக் காத்திருக்க வைத்த பிறகு, பிழை என்று சொல்லி மறுபடி ஏற்ற வெட்கமாக இருந்தது. அதனால் அப்படியே நடத்திவிட்டேன்.

பின்னொரு நாளில் இதை வாசிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். வகுப்பு நடப்பது துறைமுகத்துக்குள், கம்பனியின் பழைய சாக்குக் களஞ்சியத்தில். தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்திய கொம்பியூட்டர்கள் இரண்டு இருக்கின்றன. கப்பலில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் எட்டுப் பேருக்குப் புதுக் கிரேன் ஓட்டப் பழக்குவதற்காகக் கம்பனி அவற்றை வாங்கியது. திரையில் கிரேனின் தண்டு கோடாக நீளும். கொக்கியில் ஒரு பெட்டி தொங்கும். பெட்டியின் பாரம் எழுத்தில் வரும். தூக்கலாமா, தண்டை உள்ளே இழுத்த பிறகு தூக்கலாமா, தூக்கவே கூடாதா என்று கேள்வி வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்ற பொத்தான்களில் ஒன்றை அமத்த வேண்டும். தண்டு வெளியே நீள நீளக் கிரேன் தாங்கும் பாரம் குறையும். பாடம் முழுவதும் இந்த ஒரு விதிதான்.

எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது. அதைத் தமிழில் வாசித்துச் சொல்வதற்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். முதற்பக்கத்தில் ஒவ்வொரு படியாக விளக்கம் வரும். பிழை விட்டால் ஏன் பிழை என்றும் வரும். இரண்டாம் பக்கத்தில் வெறும் கேள்விகள்தான். சரியென்றால் ஒரு கீச்சுச் சத்தம், பிழையென்றால் ஒரு கரகரப்பு. முதற்பக்கம் நன்றாகப் பழகிய பிறகே இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும்.

நேற்று விளக்கமே இல்லாமல் அந்த ஆட்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்கள் போலத் தடுமாறினார்கள். ஒருவர் கோபத்தில் பொத்தான் பலகையைக் குத்தினார். கதிரவேல் அண்ணை மட்டும் வேறுமாதிரி. தொடக்கத்தில் ஒரு கேள்வி பிழைத்தது. அதன் பிறகு எல்லாமே கீச்சு, கீச்சு, கீச்சு. நான் அவர் பக்கத்தில் நின்று, பென்சிலால் திரையில் வரிகளைத் தொட்டுத் தொட்டு வாசித்தேன். வாசித்து முடிக்கும் முன்பே அவருடைய விரல் பொத்தானில் இருந்தது.

என்னுடைய பிழையால் ஒரு நன்மை வந்தது என்று சந்தோஷப்பட்டேன். புள்ளி எழுதும் தாளில் அவர் பெயருக்கு நேரே "விளக்கம் தேவையில்லை" என்று எழுதினேன்.

1982 ஜூலை 9, வெள்ளி

கதிரவேல் அண்ணை இன்று என்னை லிங்கநகருக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கச்சான் காற்று தெருப் புழுதியை வாரிக் கண்ணில் போட்டது. நாங்கள் போனபோது அவருடைய கூட்டாளி ஜமால்தீன் நானா முற்றத்து வாங்குப் பலகையில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டியபடி இருந்தார். அவர் கடலுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாக்காரர். நோன்பு நாட்களில் வேலை பிந்தினால் வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க நேரம் காணாது. அதனால் இந்த வீட்டில் அவருக்கென்று ஒரு கோப்பைக் கஞ்சி இருக்கும். கதிரவேல் அண்ணையின் மனைவி இரத்தினேஸ்வரி அக்கா, கடைகளுக்குக் கொடுக்கும் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டே கஞ்சியையும் துழாவிக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நானா தண்ணீர் குடித்தார். கஞ்சி அரைவாசி இறங்கிய பிறகுதான் கதை தொடங்கியது.

"மாஸ்டர், இவனுக்கு என்னத்தப் படிப்பிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார். "இருவது வருசமா இவன் எண்ட கையத் தவிர வேறொண்டும் பாக்கல்ல. பொண்டாட்டிட மூஞ்சியும் மறந்திருக்கும்."

"மூஞ்சி மறந்தால் பறவாயில்லை," என்றார் அக்கா குசினிக்குள்ளிருந்து. "உப்புப் போத்தல் கண்ணுக்கு முன்னால இருக்கும். நான் கை காட்டாட்டில் எடுக்க மாட்டார்."

"ஏன் பாக்கோணும்?" என்றார் கதிரவேல் அண்ணை. "வின்ச்சில நிண்டு கண்ணை அங்கால இங்கால விட்டால் கீழ ஆள் சாகும்."

பிறகு எனக்காக விளங்கப்படுத்தினார். வின்ச்சில் நிற்பவருக்குக் கப்பலின் அடியறை தெரியாது. பாரம் எங்கே இருக்கிறது, அதன் கீழே யார் நிற்கிறார் என்பதெல்லாம் அடியறையின் வாய்விளிம்பில் நின்று கை காட்டுபவருக்குத்தான் தெரியும். அந்த ஆள் ஜமால்தீன் நானா. விரல் மேலே சுழன்றால் தூக்க வேண்டும். உள்ளங்கை கீழே தணிந்தால் இறக்க வேண்டும். கை பொத்தினால் உடனே நிறுத்த வேண்டும்.

"ஒருக்கா நான் பாரத்தைப் பாத்தனான் தம்பி. வந்த புதிசு. இவன் கை பொத்தினது தெரியேல்லை. ஒருத்தனுக்குக் கால் போச்சுது. அண்டையில இருந்து கையைத்தான் பாக்கிறனான். கை சொன்னால் நான் யோசிக்க மாட்டன்."

"யோசிச்சா நான் செத்திருப்பன்," என்றார் நானா. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

சாப்பிடும்போது அக்கா இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி என்னிடம் கேட்டார். "தம்பி, இவர் பாஸ் பண்ணுவாரோ?"

"அண்ணைதான் வகுப்பில முதல் அக்கா."

அவர் சொதிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டு கையையும் சீலையில் துடைத்தார். மாத முடிவோடு வின்ச் வேலையெல்லாம் நிற்கிறது. தேறாதவர்களை அடியறைக்கு மூட்டை தூக்க அனுப்புவார்கள். கதிரவேல் அண்ணைக்கு முதுகெலும்பில் பழைய அடி ஒன்று உண்டு. சட்டைக்குள்ளே தோற்பட்டி கட்டியிருப்பார். மூட்டை தூக்கினால் பிறகு எழும்ப மாட்டீர் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அடியறைக்குப் போகமாட்டேன் என்றால் வேலை இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர்.

"அப்ப எனக்கு யோசினை இல்லை," என்றார் அக்கா. எனக்கு இன்னும் ஒரு இடியப்பம் வைத்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

1982 ஜூலை 13, செவ்வாய்

நேற்று எனக்குக் காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான கனகரத்தினம் ஐயாவே வாசித்தாராம். இன்று போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"உம்முடைய கெட்டிக்காரன் நேற்று ஒண்டும் செய்யேல்லை."

"ஆர் ஐயா?"

"கதிரவேல். நான் பின்னுக்கு மேசையில இருந்து வாசிச்சனான். மனுசன் அசையேல்லை. திரும்பித் திரும்பி என்னைப் பாத்தார். பிறகு கண்டபடி அமத்தினார். எல்லாம் பிழை."

ஐயாவுக்குப் பயந்திருப்பார் என்று சொன்னேன். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "மெஷின்தான் படிப்பிக்கிறது. நீர் வாசிச்சால் காணும். அதுக்கு மேல ஏதும் செய்யிறீரோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை. என்றாலும் கப்பல்துறையிலுள்ள என் வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும் வழி முழுவதும், அக்கா உப்புப் போத்தலைப் பற்றிச் சொன்னது நினைவில் வந்துகொண்டேயிருந்தது.

1982 ஜூலை 14, புதன்

இன்று பரீட்சித்துப் பார்த்தேன். மற்றவர்கள் போன பிறகு கதிரவேல் அண்ணையை மறித்து, இரண்டாம் பக்கத்தை ஏற்றினேன். பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கேள்வியை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையைப் பார்த்தார். விரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது.

"தம்பி, வாசிச்சு முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப?"

"நீங்கள்தான் சொல்லோணும்."

அவர் ஒன்றை அமத்தினார். கரகரப்பு. மற்றொன்றை அமத்தினார். அதுவும் கரகரப்பு. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கச்சான் தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்துச் செய்ததை எழுதவே கூசுகிறது. பென்சிலை வெளியே எடுத்தேன். அடுத்த கேள்விக்கு மூன்று விடைகளையும் தொட்டு வாசித்து, பிழையான விடையில் வேண்டுமென்றே சற்று நிறுத்தினேன். அவருடைய விரல் உடனே அங்கே போனது. கரகரப்பு. இன்னொரு கேள்விக்கும் அப்படியே செய்தேன். அதே வேகம், அதே நம்பிக்கை, அதே கரகரப்பு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளையாட்டுக்குக் கை காட்டியவரை வின்ச்காரர் பார்ப்பது போன்ற பார்வை அது.

உண்மையைச் சொன்னேன். இவ்வளவு நாளும் சரியான விடை வரும்போது என் பென்சில் கொஞ்சம் தங்கியிருக்கிறது. அது எனக்கே தெரியாது. நீங்கள் பாடத்தைப் பார்க்கவில்லை, பென்சிலைப் பார்த்திருக்கிறீர்கள்.

பொத்தான்களிலிருந்து விரலை எடுத்தார்.

"நான் களவு செய்யேல்லைத் தம்பி."

"தெரியும் அண்ணை."

"நீங்கள் காட்டினீங்கள். நான் செய்தனான். அதுதானே வேலை."

அவருக்கு இருபது வருடம் சம்பளம் கொடுத்து அதைத்தான் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு நான் என் பென்சிலைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு "விளக்கம் தேவையில்லை" என்றும் எழுதி வைத்தேன். விளக்கம் அதிகம் தேவைப்பட்ட ஒருவரிடமிருந்து அதைப் பறித்தவன் நான்தான். சோதனை அடுத்த புதன்கிழமை.

1982 ஜூலை 16, வெள்ளி

நேற்றும் இன்றும் முதற்பக்கத்தையே போட்டேன். பென்சில் இல்லை. விளக்கத்தை ஒவ்வொரு படியாக வாசித்தேன். கதிரவேல் அண்ணை ஒவ்வொரு படிக்கும் "ஓம், ஓம்" என்றார். விதியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அட்சரம் பிசகாமல் சொன்னார். பெட்டி கொக்கியில் தொங்கியதும் மறுபடி என் தோளைத் தேடினார்.

மற்ற மேசையில் ஏழு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "டேய், தண்டு வெளியால நிக்குதடா, உனக்குக் கண் குருடோ?" என்று ஒருவர். "அமத்திப் பாப்பம், மெஷின் சாகாது," என்று மற்றவர். பிழைத்ததும் விளக்கம் வரும். தலையை ஒட்டி வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு மறுபடியும் சண்டை. முதல் நாள் விளக்கமில்லாமல் தடுமாறியவர்களும் இவர்கள்தான். இப்போது விளக்கத்தைப் பசியோடு கேட்கிறார்கள், ஏனென்றால் பிழை அவர்கள் கையால் விட்ட பிழை. கதிரவேல் அண்ணை ஒரு பிழையைக்கூடத் தானே யோசித்து விட்டதில்லை. சரியும் என்னுடையது, பிழையும் என்னுடையது.

உதவி கூடினால் இப்படி, இல்லாமல் போனால் முதல் நாள் போல. நடுவில் எவ்வளவு என்று எனக்கு யார் சொல்லித் தருவார்? பகலில் நானும் படிக்கப் போகிறவன்தான். கணக்குப் பாடத்தில் விடை தெரியாவிட்டால் நானும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

1982 ஜூலை 17, சனி

அக்கா வரச் சொல்லி ஆளனுப்பியிருந்தார். போனபோது முற்றத்தில் உரலில் அரிசி இடித்துக்கொண்டிருந்தார். கதிரவேல் அண்ணை கிணற்றடியில் இருந்தார். அக்கா உலக்கையை நிறுத்தாமலே கேட்டார்.

"சோதனையண்டைக்கு நீங்கள்தானே வாசிக்கப் போறீங்கள்?"

"ஓம் அக்கா."

"பக்கத்தில நிண்டு?"

"ஐயா பின்னுக்கு இருப்பார். நான் பக்கத்தில நிக்கலாம்."

உலக்கை நின்றது.

"அவர் எனக்கு எல்லாம் சொன்னவர். நீங்கள் கையை அசைச்சால் அவருக்கு விளங்கும். இவ்வளவு நாளும் தெரியாமல் அசைச்சீங்கள். இனித் தெரிஞ்சு ஒரு நாள் அசைச்சால் என்ன? ஒரு பென்சில் உங்களுக்கு என்ன பாரம் தம்பி?"

உரலைச் சுற்றிச் சிந்திக்கிடந்த மாவைக் கோழி ஒன்று கொத்தியது.

"நான் பிழையான வேலை கேக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. இரவில அந்த மனுசனுக்கு முதுகுக்கு எண்ணெய் பூசிறவள் நான். பட்டி கழட்டினால் குனிஞ்சு செருப்பெடுக்க ஏலாது. மூட்டையைத் தூக்கு எண்டால் எப்பிடித் தூக்குவார்? நீங்களே சொல்லுங்கோ."

"ஜமால் கீழ நிப்பான்."

சொன்னது கதிரவேல் அண்ணை. துவாயைத் தோளில் போட்டபடி எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"கிரேன் புதுசு எண்டாலும் பாரத்துக்குக் கீழ நிக்கிறது அவன்தான். முந்தி அவன் பாத்தான், நான் செய்தன். இனிப் பாரத்தைக் கணக்குப் பாக்கிறது மேல இருக்கிறவன். அங்க தம்பியின்ர பென்சில் வராது."

"அப்ப அடியறைக்குப் போங்கோ," என்றார் அக்கா. "போய் மூட்டைக்குக் கீழ கிடவுங்கோ. நான் வந்து அள்ளிக்கொண்டு வாறன்."

உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனார். நான் எழும்பினேன். "சாப்பிடாமல் போகாதேங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிட்டும் மீன்குழம்பும் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

1982 ஜூலை 18, ஞாயிறு

வகுப்பில்லாத நாள். கனகரத்தினம் ஐயாவிடம் களஞ்சியத்துப் பூட்டின் திறப்பை வாங்கினேன். வாங்கும்போது, கதிரவேல் அண்ணையைப் பற்றி நான் எழுதியது பிழை என்பதையும் ஏன் பிழை என்பதையும் சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் ஒண்டும் செய்யேல்லை எண்டீர்," என்றார். "எனக்கே தெரியாமல் செய்தனான் ஐயா," என்றேன். திறப்பைத் தந்தார்.

கதிரவேல் அண்ணையோடு ஜமால்தீன் நானாவும் வந்திருந்தார். நோன்பும் வெயிலும் சேர்ந்து அவருடைய உதடு காய்ந்திருந்தது. "தனிய விட்டா இவன் ஓடிருவான். அதுதான் புடிச்சிட்டு வந்தன்," என்றார்.

காலையில் சைக்கிளில் வரும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. சரியா பிழையா என்று நிச்சயமில்லை. இரண்டாம் பக்கத்தை ஏற்றினேன். பொத்தான் பலகைக்கு முன்னால் கதிரையில் நான் உட்கார்ந்தேன். நான் வழமையாக நிற்கும் இடத்தில் அவரை நிற்கச் சொன்னேன்.

"இண்டைக்கு வின்ச்காரன் நான். நீங்கள் கை காட்டுங்கோ. ஒரு விரல், ரெண்டு விரல், மூண்டு விரல். கேள்வியை வாசிச்ச பிறகு நான் திரையைப் பாக்க மாட்டன். உங்கட கையைத்தான் பாப்பன்."

நானா வாய்விட்டுச் சிரித்தார். "யா அல்லாஹ், இவன் கை தூக்கிறத நான் கண்ணால பாக்கணுமே!"

கதிரவேல் அண்ணை தூக்கவில்லை. கேள்வியை வாசித்துவிட்டு அவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். அவருடைய வலக்கை தொடையோடு ஒட்டிக்கிடந்தது. நான் பார்த்துக்கொண்டேயிருப்பது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. கடைசியில் யாரையோ அடிக்க ஓங்குவது போல் ஒரு விரலைத் தூக்கினார். தூக்கு என்று அர்த்தம். நான் ஒன்றை அமத்தினேன். கரகரப்பு. திரும்பிப் பார்த்தேன். திரையில் தண்டு முழுதாக நீண்டிருந்தது. கோடுகளால் ஆன கிரேன் அதன் பாரத்தில் சரிந்து விழுந்துகிடந்தது.

"ஏன் அமத்தினீங்கள்?" என்று சத்தம் போட்டார். "பிழை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"நீங்கள் காட்டினீங்கள் அண்ணை. நான் செய்தனான்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று எனக்கு உறைத்தது. குத்திக்காட்டச் சொன்னதாக நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விழுந்துகிடந்த கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் திரையை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நானாவின் சிரிப்பும் நின்றிருந்தது. "அதுக்குக் கீழ நான் நிண்டா மௌத்துத்தான்," என்றார்.

"வாயை மூடு ஜமால்."

"மூடுறன். நீ ஒண்ணு செய். அவசரப்படாத. நான் கை தூக்க முன்ன உன்னைப் பாக்கிறல்ல மச்சான். பாரத்தப் பாப்பன், கயித்தப் பாப்பன், கீழ நிக்கிறவண்ட தலையப் பாப்பன். எல்லாம் பாத்து மறுகாதான் உன்னைப் பாப்பன். நீ நான் பாத்ததக் காணல்ல. கையை மட்டுந்தான் கண்டாய்."

"ஒரு நாளும் சொல்லேல்லையே."

"நீ கேக்கல்லையே."

அடுத்த பெட்டி கொக்கியில் ஏறியது. கதிரவேல் அண்ணை குனிந்து, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டு போனார். தண்டின் நுனியிலிருந்து அடிவரை விரலால் அளந்தார். உதடு அசைந்தது. நிமிர்ந்து இரண்டு விரலைக் காட்டினார். தண்டை உள்ளே இழு, பிறகு தூக்கு. அமத்தினேன். கீச்சு.

யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்ததும் பிழைத்தது. அதற்கடுத்தது சரி.

1982 ஜூலை 19, திங்கள்

இன்று வகுப்புக்கு வந்ததும் கதிரவேல் அண்ணையே கேட்டார்: "தம்பி, அந்த முதற்பக்கத்தைப் போடுங்கோ. நேற்றுப் பிழைச்சதுகளுக்கு அது என்ன சொல்லுது எண்டு பாக்கோணும்."

போட்டேன். முன்பு "ஓம், ஓம்" என்று கேட்ட அதே விளக்கம்தான். இன்று இரண்டு இடத்தில் என்னை நிறுத்தி, "பொறுங்கோ, அதைத் திருப்பி வாசியுங்கோ," என்றார். ஓரிடத்தில், "இது பிழையாச் சொல்லுது," என்று மெஷினோடு சண்டைக்குப் போனார். பிறகு கையால் தண்டை நீட்டி மடக்கிப் பார்த்து, "இல்லை, சரிதான்," என்றார். விளக்கம் மாறவில்லை. கேட்பவருக்கு அதில் ஒரு தேவை வந்திருந்தது.

கடைசியில் இரண்டாம் பக்கத்தை ஏற்றினேன். ஒரே மாதிரிக் கேள்விதான், எண்களும் படமும் அவருக்கே விளங்கும் என்பதால், வாசிக்காமல் வெளியே போனேன். போகும்போது, "நில்லுங்கோவன்," என்றார். நிற்கவில்லை. களஞ்சியத்துச் சுவருக்கு வெளியே சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். உள்துறைமுகத்துத் தண்ணீர் தகடு போலக் கிடந்தது. ஒரு கப்பலில் பழைய வின்ச் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கதவிடுக்கால் சத்தங்கள் வந்தன. கீச்சு. நீண்ட அமைதி. கரகரப்பு. அமைதி. கீச்சு. கீச்சு. கரகரப்பு.

ஒவ்வொரு கரகரப்புக்கும் எழும்பி உள்ளே போகக் கால் இழுத்தது. உதவி செய்வதை விட உட்கார்ந்திருப்பது எனக்குக் கடினமாக இருந்தது. கீச்சுத்தான் அதிகம். தேறப் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தாளில் அப்படி எழுதாமல், ஒரு கிழமை முன்னாலேயே உண்மையைப் பார்த்திருந்தால் நேரம் போதுமாக இருந்திருக்கும்.

1982 ஜூலை 20, செவ்வாய்

ஆடி அமாவாசை. கதிரவேல் அண்ணை விடியக்காலமே கடலுக்குப் போய் முழுகி, தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார். மத்தியானம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய், கசக்கும் காத்தோட்டிக்காய்ப் பொரியல். ஜமால்தீன் நானா நோன்போடு எட்ட இருந்து, "கசப்பா? நல்லா வேணும்," என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இரத்தினேஸ்வரி அக்கா சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு கதைத்தார்.

"தம்பி, நாளைக்கு அவர் பிழை விட்டால் நீங்கள் முகத்தைச் சுழிச்சுப் போடாதேங்கோ. அதையும் பாத்திட்டு மாத்தி அமத்துவார்."

பகிடியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்தக் கசப்புக் காயில் இன்னும் ஒரு கரண்டியை என் இலையில் வைத்தார்.

"அவ சொல்லுறது சரி," என்றார் கதிரவேல் அண்ணை. கை கழுவிவிட்டு என்னோடு படலைவரை வந்தார். சோதனைக்குச் சட்டை மினுக்கி வைத்தாயிற்றா என்று அக்கா பின்னாலிருந்து கேட்டதற்கு, ஓம் என்றார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நாளைக்கு எனக்குப் பக்கத்தில நிக்காதேங்கோ."

"வாசிக்கோணுமே அண்ணை."

"வாசியுங்கோ. எனக்குப் பின்னால கதிரையைப் போட்டு இருந்து வாசியுங்கோ. நீங்கள் கண்ணுக்குத் தெரிஞ்சால் என்ர கண் அங்கதான் போகும். அதை நான் நிப்பாட்டப் பாக்கிறன், நிக்குதில்லை."

"சரி அண்ணை."

"பிழைச்சால் பிழைச்சதுதான். ஜமாலுக்கும் சொல்லிப்போட்டன். நான் பாஸ் பண்ணினால், பாத்துப் பண்ணினது எண்டு அவன் கீழ நிக்கலாம்."

வாங்கில் கிடந்த நானா கண்ணைத் திறக்காமலே, "நான் எப்பிடியும் நிப்பன், விசரா," என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கச்சான் இன்னும் தணியவில்லை.

நாளை செய்ய வேண்டியது: களஞ்சியத்தை நேரத்தோடு திறந்து, சோதனைக்குரிய இரண்டாம் பக்கத்தை ஏற்றி, சரியான பக்கமா என்று பார்க்க வேண்டும். என் கதிரையைக் கதிரவேல் அண்ணையின் முதுகுக்குப் பின்னால், சுவரோடு போட வேண்டும். கேள்விகளை ஒரே குரலில் வாசிக்க வேண்டும். பென்சிலை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.